டேமின் குதிகாலுக்கு எத்தனை வருடம்?

2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் மில்வாக்கி பக்ஸுக்கும் இண்டியானா பேசர்ஸுக்கும் பிளேஆஃப் நாலாவது ஆட்டம். முதல் குவார்ட்டர்கூட முடியவில்லை. பக்ஸின் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட், ரசிகர்களுக்கு டேம், ஒரு பந்தை எட்டித் தட்டப் போனார், கால் ஊன்றினார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் இடிக்கவில்லை.

என் மகள் டி.வி.யை விட்டுவிட்டு என் இடது காலைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு ஆன அதேதானே?"

அதேதான். 2022 நவம்பரில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் பீவர்ட்டனில் ஒரு பள்ளி ஜிம்மை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு காலைகளில் வாடகைக்கு எடுத்து ஆடிக்கொண்டிருந்தபோது நடந்தது. எனக்கு அப்போது 43 வயது. பின்னாலிருந்து யாரோ பந்தை ஓங்கிக் குதிகாலில் எறிந்துவிட்டதாக நினைத்து, திரும்பிப் பார்த்துத் திட்டினேன். பின்னால் யாரும் இல்லை, பந்து எதிர்ப்பக்கத்து வளையத்துக்குக் கீழே கிடந்தது. பிறகுதான் படித்தேன், 2013இல் கோபி பிரையன்ட்டும் அப்படித்தான் பக்கத்திலிருந்த ஹாரிசன் பார்ன்ஸிடம் "என்னை உதைத்தாயா?" என்று கேட்டாராம். கோபிக்கும் எனக்கும் இருக்கும் ஒரே ஒற்றுமை.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையை அமுக்கினார். வலது ஆடுசதையை அமுக்கினால் பாதம் ஆடியது. இடதை அமுக்கினால் எதுவும் ஆடவில்லை. மூன்று வினாடி பரிசோதனை, அவ்வளவுதான். அன்று இரவு பொள்ளாச்சியிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "ஜவ்வு கிழிஞ்சிருச்சா கண்ணு?" ஜவ்வு இல்லம்மா, ஆடுசதையையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு மாதிரி ஒண்ணு, அது அறுந்துபோச்சு என்றேன். "கயிறுன்னா முடிச்சுப் போட்டுறலாமுல்ல?" என்றார். உண்மையில் அறுவை சிகிச்சையில் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். (அந்தக் கயிற்றுக்கு அக்கிலிஸ் என்று பெயர். இனி 'குதிகால் அறுந்தது' என்றால் இதுதான்.)

இந்தப் பதிவு என் காலைப் பற்றியது இல்லை. லில்லார்டுக்கு எங்கள் ஊர் அணி கொடுத்த பணத்தைப் பற்றியது. ஆனால் என் கால் இல்லாமல் அதைப் பற்றி எனக்கு இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லில்லார்ட் 2012இல் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் தேர்ந்தெடுத்த ஆள். பதினோரு சீசன் இங்கே ஆடினார். நான் ஹில்ஸ்பரோவில் குடியிருப்பவன், வேலை முடிந்து புளூ லைன் ரயிலில் ஏறினால் ரோஸ் குவார்ட்டரில் இறங்கி நேராக அரங்கத்துக்குள் போய்விடலாம். அப்படிப் போய் அவர் ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. 2023இல் மில்வாக்கிக்கு மாறினார். அங்கேதான் குதிகால் அறுந்தது. 2025 ஜூலை தொடக்கத்தில் மில்வாக்கி அவரை விடுவித்துவிட்டது. அவருக்குத் தரவேண்டியிருந்தது ஏறக்குறைய 113 மில்லியன் டாலர். அதை ஐந்து வருடங்களுக்கு நீட்டி, வருடத்துக்கு 22.5 மில்லியன் என்று தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஆட்டக்காரர் இருக்க மாட்டார், அவர் பெயரில் செலவு மட்டும் 2030 வரை இருக்கும். ஒரு அணி சம்பளத்துக்குச் செலவிட லீக் வைத்திருக்கும் வரம்பில் அப்படிக் கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னர் என்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள்.

ஜூலை நடுவில் செய்தி வந்தது: லில்லார்ட் போர்ட்லாண்டுக்கே திரும்புகிறார். மூன்று வருடம், 42 மில்லியன். மூன்றாவது வருடம் இருப்பதா போவதா என்பது அவர் இஷ்டம். அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றவும் முடியாது. முதல் வருடம் ஆடவே போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

எங்கள் ஞாயிறு ஜிம் வாட்ஸ்அப் குழுவில் அன்று வேலை யாருக்கும் ஓடவில்லை. "35 வயசு, அறுந்த கால், ஒரு வருஷம் பெஞ்ச்சில் சட்டை போட்டு உட்காரப் போறார், அதுக்கு 42 மில்லியனா?" என்று எங்கள் குழுவின் கணக்குப்பிள்ளை கொதித்தார். (நிஜமாகவே கணக்குப்பிள்ளை, வரி சீசனில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான்.) நான் மட்டும் எதிர்க்கட்சி. அங்கே துண்டு துண்டாகத் தட்டியதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அடிபட்ட ஆட்டக்காரருக்கு எவ்வளவு தரலாம் என்று கேட்டால் எல்லோரும் டாலரையே பார்க்கிறார்கள். என்.பி.ஏ.வில் டாலர் பாதி முடிவான விஷயம். ஒரு ஆட்டக்காரருக்குத் தரக்கூடிய உச்சத் தொகை விதியிலேயே இருக்கிறது. லீகில் எத்தனை வருடம் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து, அணியின் சம்பள வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம். அதனால் உச்ச நட்சத்திரங்களுக்கு அவர்கள் உண்மையான மதிப்பைவிட எப்போதுமே குறைவாகத்தான் கிடைக்கிறது. அந்த இடைவெளி கொஞ்சம் அடியைத் தாங்கும். நடுத்தர ஆட்டக்காரருக்கோ, வரம்பு நிறைந்துவிட்ட பல அணிகளிடம் விதி அனுமதிக்கும் ஒரே அளவிலான ஒரு சலுகைத் தொகைதான் மிஞ்சியிருக்கும், 2025-26க்கு அது 14.1 மில்லியன். லில்லார்டின் சராசரி வருடத் தொகை 14 மில்லியன் என்பதைப் பாருங்கள். அது காலைப் பரிசோதித்துக் கண்டுபிடித்த விலை இல்லை, அலமாரியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த விலைச்சீட்டு.

பேரம் உண்மையில் நடப்பது எத்தனை வருடம் என்பதில். எத்தனை வருடத்துக்கு முழு உத்தரவாதம் (ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம்), எத்தனை வருடம் நிபந்தனையோடு, கடைசி வருடத்தின் சாவி யார் கையில். அணிகள் ஏமாறுவதும் இதில்தான், தப்பிப்பதும் இதில்தான்.

குதிகால் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. 1988 முதல் 2011 வரை முழுசாக அறுந்து அறுவை செய்துகொண்ட 18 என்.பி.ஏ. ஆட்டக்காரர்களை எடுத்து 2013இல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. அதில் ஏழு பேர் திரும்ப ஆடவே இல்லை. திரும்பி வந்தவர்களின் ஆட்டமும் சராசரியாக இறங்கியிருந்தது. டாமினிக் வில்கின்ஸ் 1992இல் 32 வயதில் அறுத்துக்கொண்டு, அடுத்த சீசனில் ஆட்டத்துக்கு 29.9 புள்ளி அடித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவரை எல்லோரும் சொல்வதற்குக் காரணமே அவரைப் போல இன்னொருவரைச் சொல்ல வெகு காலம் ஆள் கிடைக்காததுதான்.

அறுவைக்குப் பிறகு காலை அசையாமல் வைக்கப் போட்டிருந்த பூட்ஸைக் கழற்றிய நாளில் எனக்கு இடது ஆடுசதை வலதைவிட மூன்று சென்டிமீட்டர் சுற்றளவு குறைந்திருந்தது. தையல்காரர் டேப்பை வைத்து பிசியோ அளந்தார். தைத்த இடம் சில மாதங்களில் பலமாகிவிடும், இந்தச் சதைதான் திரும்பி வர மறுக்கும் என்றார். அவர் வைத்த பரீட்சை: ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், 25 முறை. முதல் நாள் என்னால் ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. மூளை உத்தரவு போடுகிறது, கால் தபாலைப் பிரிக்கவே இல்லை. அணியின் டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து "தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது" என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் எகிறுவது சதை. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது படத்தில் தெரியாது. ஒரு வருடம், பல பேருக்கு இரண்டு வருடம் ஆகும். அப்படியானால் குதிகால் அறுந்தவரோடு நான்கு வருட ஒப்பந்தம் போடும் அணி உண்மையில் வாங்குவது இரண்டரை வருடம்.

இதில் போர்ட்லாண்டுக்காரனுக்குக் கொஞ்சம் பட்டறிவு அதிகம். இந்த அணியின் வரலாற்றை எலும்பு டாக்டர்தான் எழுத வேண்டும். பில் வால்டனின் பாதம், சாம் பௌயியின் கால், கிரெக் ஓடனின் முழங்கால், பிராண்டன் ராயின் முழங்கால். ஓடனை 2007இல் முதல் ஆளாக, கெவின் டுராண்டுக்கு முன்னால் எடுத்தார்கள். ஐந்து வருடத்தில் இங்கே அவர் ஆடியது மொத்தம் 82 ஆட்டம், கணக்காக ஒரே ஒரு சீசன். 2011இல் அவருக்கு அணி நீட்டியிருந்த ஒரு வருடத் தொகை 8.9 மில்லியன். டிசம்பரில் முழங்கால் மறுபடி சரியில்லை என்று தெரிந்ததும் அது 1.5 மில்லியனாகச் சுருங்கியது.

அதே மாதம்தான் ராய் ஓய்வை அறிவித்தார். அவரை நினைத்தால் எனக்கு 2011 ஏப்ரல் 23 சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். டாலஸுக்கு எதிராக 23 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டம். மேல்தட்டில் உட்கார்ந்து, கிளம்பிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "இருங்க, டிக்கெட் காசாவது தேறட்டும்" என்றாள். நாலாவது குவார்ட்டரில் மட்டும் ராய் 18 புள்ளி. 84-82 என்று ஜெயித்தோம். இரண்டு முழங்காலிலும் சவ்வே மிச்சம் இல்லாத ஆள். அந்த இரவைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒப்பந்தம் எழுதச் சொல்லியிருந்தால் நான் பத்து வருடம் எழுதியிருப்பேன். அதனால்தான் ரசிகனிடம் பேனாவைக் கொடுப்பதில்லை. 2012இல் மினசோட்டா அவருக்கு இரண்டு வருடம், 10 மில்லியன் என்று எழுதியது. ஐந்து ஆட்டம் ஆடினார்.

வெஸ்லி மாத்யூஸ் கதை இன்னும் விசித்திரம். 2015 மார்ச் 5, எங்கள் அரங்கத்திலேயே, டாலஸ் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய குதிகால் அறுந்தது. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். அவருக்குப் பெரிய தொகையோடு வந்தது அதே டாலஸ். முதலில் பேசியது நான்கு வருடத்துக்கு 60 மில்லியனுக்குக் கீழே. பிறகு டிஆண்ட்ரே ஜோர்டன் டாலஸுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கிளிப்பர்ஸுக்கே திரும்பிவிட்டார். டாலஸ் கையில் பணம் மிஞ்சியது, செலவழிக்க ஆள் இல்லை. மாத்யூஸ் தொகை 70 மில்லியனாக ஏறியது. அந்த ஒரு வாரத்தில் அவர் குதிகாலில் ஒன்றும் மாறவில்லை. வேறொருவர் மனம் மாறியதால் இவர் காலின் விலை ஏறியது. இதைச் சொன்னால் கணக்குப்பிள்ளை நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தார்.

மாத்யூஸ் எட்டு மாதத்துக்குள் திரும்பிவந்து அந்த சீசனில் 78 ஆட்டம் ஆடினார். மனுஷன் இரும்பு. ஆனால் போர்ட்லாண்டில் ஆட்டத்துக்கு 15.9 அடித்தவர் அங்கே முதல் வருடம் 12.5. ஒழுங்காக உழைத்தார், தடுப்பாட்டம் ஆடினார், பழைய எம்பல் வரவில்லை. டாலஸ் தோற்றது என்று சொல்ல மாட்டேன். நாலாவது வருடம் அவசியமா என்றுதான் கேட்பேன்.

வருடங்களில் கறார் காட்டியதற்கு நல்ல உதாரணம் ஃபீனிக்ஸ். அமாரே ஸ்டவுடமயருக்கு 2005இல் முழங்காலில் பெரிய அறுவை. மீண்டு வந்து மறுபடி நட்சத்திரம் ஆனார். 2010இல் ஃபீனிக்ஸ் பணம் தரத் தயார், ஐந்து வருடத்துக்கும் முழு உத்தரவாதம் மட்டும் தர மறுத்தது. நியூயார்க் நிக்ஸ் ஐந்து வருடம், கிட்டத்தட்ட 100 மில்லியன், முழு உத்தரவாதத்தோடு கொடுத்தது. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. இது முக்கியம். பொதுவாக ஆட்டக்காரர் 41 ஆட்டங்கள் தவறவிட்டால் அதற்குப் பிறகான சம்பளத்தில் 80 சதவீதத்தைக் காப்பீடு ஏற்கும். ஆனால் பழைய காயமுள்ள உறுப்பை விலக்கிவைக்க காப்பீட்டாருக்கு உரிமை உண்டு. காலை வைத்துப் பந்தயம் கட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் ஒரு முழங்காலைத் தொட மாட்டேன் என்றால் அதைவிட நேர்மையான டாக்டர் சீட்டு எது? முதல் வருடம் அமாரே 78 ஆட்டம், 25.3 புள்ளி, நியூயார்க்கே கொண்டாடியது. அடுத்த மூன்று வருடம் 47, 29, 65 ஆட்டம். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் விடுவித்துவிட்டார்கள்.

அதற்காக எப்போதும் வருடத்தைக் குறைத்தால் நல்லது என்றும் இல்லை. ஸ்டெஃப் கறி 2011-12இல் கணுக்கால் தொல்லையால் 26 ஆட்டம்தான் ஆடினார். 2012 அக்டோபரில் கோல்டன் ஸ்டேட் அவரோடு நான்கு வருடம், 44 மில்லியன் என்று நீட்டிப்பு எழுதியது. அப்போது பலர் அதைத் துணிச்சல் என்றார்கள். அந்த நான்கு வருடத்தில் அவர் இரண்டு முறை லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். கணுக்காலைக் காட்டி விலையைக் குறைத்தார்கள், வருடத்தைக் குறைக்கவில்லை. வயது 24 என்றால் அதுதான் சரி. இளம் உடம்பில் காலம் வாங்குகிறவர் பக்கம், முப்பதைத் தாண்டினால் விற்கிறவர் பக்கம்.

டுராண்டை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2019 ஜூனில் டொரண்டோவில் இறுதிச்சுற்று ஐந்தாவது ஆட்டத்தில் குதிகால் அறுந்தது. சில வாரங்களில் புரூக்லின் நான்கு வருடம், 164 மில்லியன் கொடுத்தது. முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்தபோது பழைய டுராண்ட்தான். 2021இல் மில்வாக்கிக்கு எதிராக ஒரு ஆட்டத்தில் 49, ஏழாவது ஆட்டத்தில் 48. அந்தக் கடைசி ஷாட்டில் அவர் ஷூவின் நுனி மட்டும் கோட்டில் படாமல் இருந்திருந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி! கால் விஷயத்தில் புரூக்லின் செய்த கணக்கு சரி. மற்ற எல்லாம் தப்பிப் போயிற்று. 2023 பிப்ரவரியில் அவர் ஃபீனிக்ஸுக்குப் போனபோது, அந்தக் காலம் முழுவதிலும் புரூக்லின் ஜெயித்திருந்தது ஒரே ஒரு பிளேஆஃப் சுற்று.

இப்போது ஒரு சொந்தக் கதை. நான் இங்கே நேரடி ஊழியன் இல்லை, ஒரு இடைநிலை நிறுவனம் வழியாக ஒப்பந்தத்தில் இருப்பவன். கால் பூட்ஸில் இருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. வழக்கமாக ஒரு வருடம். அந்த முறை வீடியோவில் பேசிய பெண் ரொம்ப அன்பாக நலம் விசாரித்தார், முழங்கால் வைத்துத் தள்ளும் அந்தச் சின்ன வண்டியைப் பற்றிக்கூட வேடிக்கையாகப் பேசினார். மணிக்கூலி பழைய கூலியேதான், ஒரு சென்ட் குறையவில்லை. தாளைத் திறந்து பார்த்தால் ஆறு மாதம். நான் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவன், குதிகாலால் கோட் அடிப்பதில்லை. கேட்டேன். "இப்போதைக்கு எல்லோருக்கும் இப்படித்தான்" என்றார். பக்கத்து இருக்கை நண்பருக்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். கோபம் வந்தது, கையெழுத்தும் போட்டேன். ஊர்ச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவார்களே, அதற்கு முன்னால் ஒருமுறை மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது நினைவுக்கு வந்தது, வந்ததும் கூச்சமாகவும் இருந்தது.

அதனால்தான் லில்லார்ட் ஒப்பந்தத்தைப் படித்தபோது முதலில் வருடத்தைத் தேடினேன். மூன்று வருடத்தில் ஒன்று ஆறுவதற்கு, ஒன்று ஆடுவதற்கு, இன்னொன்றின் சாவி அவர் கையில். 36 வயதில் அவர் நன்றாக ஆடினால் போர்ட்லாண்டுக்கு அடிமாட்டு விலையில் ஒரு நட்சத்திரம். ஆடாவிட்டால் நஷ்டம் மூன்று வருடத்தோடு முடிந்தது, ஒரு சராசரி மாற்று ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் தொகைதான். அவருக்கும் அவமானம் இல்லை, பெரிய பணம் மில்வாக்கி கணக்கிலிருந்து வருகிறது. சொந்த ஊராக நினைக்கும் இடத்தில், குழந்தைகள் பக்கத்தில் இருந்துகொண்டு கால் தேறலாம்.

நான் குறை சொல்வதானால் அந்த மூன்றாவது வருடச் சாவியைச் சொல்வேன். நன்றாக ஆடினால் போய்விடலாம், ஆடாவிட்டால் இருந்துகொள்ளலாம் என்பது ஒரு பக்கம் மட்டும் கூரான கத்தி. பேரத்தில் அதைக் கொடுத்துவிட்டு, மாற்ற முடியாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தது கொஞ்சம் தாராளம். பதினோரு வருடப் பழக்கம், சரி, போகட்டும்.

கணக்குப்பிள்ளை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. லில்லார்ட் திரும்பிவரும் சீசனில் 50 ஆட்டம் ஆடினால் குழு முழுவதற்கும் அவர் பிரியாணி வாங்குகிறார், ஆடாவிட்டால் நான். மட்டனா சிக்கனா என்பதில்தான் இன்னும் சிக்கல்.

நேற்று இரவு சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நின்றேன். மகள் எண்ணினாள். பதினேழில் நின்றுவிட்டது. "போன மாசமும் பதினேழுதான்பா" என்றாள்.